அடுப்பில்லா ஞாயிறு

வடக்கே எல்லையில் சண்டை மூண்டுவிட்டது என்ற செய்தி வந்த புதன்கிழமை, அரியலூர் அன்னை நகர் மூன்றாவது தெருவில் எல்லோரும் முகத்தில் கவலையை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானப்பிரகாசம்.

பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததிலிருந்து அவர் சொல் கேட்க ஆளில்லை. வீட்டில் மனைவி சாந்தி மேரி இருந்தார். ஆனால் அங்கே கட்டளை எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. தெரு நலச்சங்கத் தலைவர் பதவி ஒன்று இருந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுப்பதில் என்ன வீரத்தைக் காட்டிவிட முடியும்? இந்த நிலையில்தான் ஆண்டவர் பார்த்து ஒரு போரை அனுப்பியிருந்தார்.

அதிலும் ஒரு குறை. சைரன் ஊதிப் போர்க்கால ஒத்திகை நடத்தும் ஊர்களின் பட்டியலை டிவியில் ஓட்டினார்கள். முதலிலிருந்து கடைசிவரை பார்த்தும் அரியலூர் வரவில்லை. ஞானப்பிரகாசத்துக்கு அது சொந்த அவமானமாகப் பட்டது. பக்கத்து வீட்டுக் கொளஞ்சியப்பனைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டு நியாயம் கேட்டார். கொளஞ்சியப்பன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். கம்பத்து மேலிருந்தே உலகத்தைப் பார்த்துப் பழகியதால் எதற்கும் பதறாதவர்.

"நம்ம ஊரு சிமெண்ட் இல்லாம நாட்டுல ஒரு பதுங்குகுழி கட்ட முடியுமாய்யா? நமக்கு ஒரு சைரன்கூட கெடையாதாம்."

"விடுங்க சார். அடுத்த சண்டைக்குக் கண்டிப்பா கூப்புடுவாங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார் கொளஞ்சியப்பன்.

எதிரி மதிக்காவிட்டால் என்ன, நாமே நம்மை மதித்துக்கொள்வோம் என்று அன்று மாலையே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. 'போர்க்கால உணவுச் சேமிப்புக் கமிட்டி' உருவாயிற்று. தலைவர் யார் என்ற கேள்வியை ஞானப்பிரகாசமே எழுப்பி, அவரே தயங்கி, அவரே ஒப்புக்கொண்டார். பிறகு மைக்கைப் பிடித்து, யாரும் பீதியடைய வேண்டாம் என்று அரைமணி நேரம் பேசினார். அரிசிக்குப் பஞ்சம் வராது, பருப்புக்குப் பஞ்சம் வராது, எண்ணெய்க்குப் பஞ்சம் வராது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எதெதற்கெல்லாம் பஞ்சம் வரக்கூடும் என்பது ஜனங்களுக்குத் தெளிவாகிவிட்டது. கூட்டம் முடிந்து தேசியகீதம் பாடுவதற்குள் பாதிப்பேர் தெருமுனை வேல்முருகன் மளிகைக் கடையில் நின்றார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தக் கடையில் மிஞ்சியது பினாயிலும் கற்பூரமும்தான்.

ஞானப்பிரகாசம் மட்டும் கடைப்பக்கம் போகவில்லை. பதுக்கல் தேசத்துரோகம் என்று மைக்கில் சொன்னவர் அவர். அதோடு நிற்காமல், முன்மாதிரியாக இருக்க வேண்டுமென்று வீட்டில் இருந்த அரிசி மூட்டையையும் கமிட்டிக்கு நன்கொடையாகத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். சாந்தி மேரி அரிசி டப்பாவைத் திறந்தார். டப்பாவில் மிச்சமிருந்த அரிசியைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், டப்பாவை மூடினார்.

மறுநாள் மத்தியானம் கொள்முதல். போர் நீடித்தால் எந்தக் குழம்புக்கும் ஆதாரம் சின்ன வெங்காயம்தான் என்று கண்டுபிடித்து, சுமை ஆட்டோ பிடித்து, பேனர் கட்டி, கமிட்டி பெரம்பலூர் பக்கம் கிளம்பியது. வயலோரம் மூங்கில் படல் கட்டிப் பட்டறை போட்டு வெங்காயம் வைத்திருந்த விவசாயி ஒருவர், எந்த ஊர்க் கல்யாணத்துக்கு என்று கேட்டார். கல்யாணத்துக்கு இல்லை, போருக்கு என்றார் ஞானப்பிரகாசம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் கத்தரிக்காயும் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்று சாயங்காலம் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வெங்காய மூட்டை காவலுக்கு உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை விவசாயம். நகராட்சி விட்டிருந்த சின்னப் பூங்காவில் குரோட்டன்ஸைப் பிடுங்கிவிட்டு, அக்கினி நட்சத்திர வெயிலில் கொத்திக் கீரையும் வெண்டையும் விதைத்தார்கள். 'போர்க்காலத் தோட்டம், உள்ளே வராதீர்' என்று பலகை நட்டார்கள். ஆடுகளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தோட்டத்தில் இன்றுவரை நிமிர்ந்து நிற்பது அந்தப் பலகை ஒன்றுதான்.

இதெல்லாம் சும்மா. கமிட்டியின் உண்மையான சாதனை விசில் சட்டம்.

வீட்டுக்கு ஒரு வேளைக்கு ஒரு குழம்புதான், கேஸை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டாயிற்று. அடுத்தவர் அடுப்பங்கரையில் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. அதனால் ஞானப்பிரகாசம் குக்கர் விசிலைக் கணக்கு வைத்தார். ஒரு வேளைக்கு மூன்று விசில். மேலே போனால் அன்று மாலை சங்கத்து மைக்கில் பெயர் படிக்கப்படும். பத்து மணிக்கெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டருகே போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு காதால் தெருவை மேய்ந்தார். எந்த வீட்டு விசில் கீச்சுக் குரல், எது தொண்டை கட்டியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முதல் நாள் கொளஞ்சியப்பனும் எதிர்வீட்டு வீரம்மாளும் பிடிபட்டார்கள். மறுநாள் யாருமே பிடிபடவில்லை. தெருவே திருந்திவிட்டது என்று பெருமூச்சு விட்டார்.

இதற்கெல்லாம் சிகரமாக வந்தது அடுப்பில்லா ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்ததிலிருந்து சாயங்காலம்வரை தெருவில் ஒரு அடுப்பும் எரியக்கூடாது. முதல்நாள் வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட வேண்டியது. மற்றவர்களுக்கு வழிகாட்ட, தன் வீட்டுக் கேஸ் அடுப்பைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டி, நடுவில் ஒரு பூ முடிச்சும் போட்டு, போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸப்பில் அனுப்பினார்.

"ஞாயித்துக்கெழமதான ஏஞ்சலப் பாக்க வராங்க?" என்றார் சாந்தி மேரி.

வருவது ரெட்டிபாளையத்துக்காரர்கள். பையன் லியோ பிரபு பெரம்பலூரில் வேலை. மகள் ஏஞ்சல் மேரியும் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். இரண்டு வருஷமாக இருவரும் காலையில் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள் என்பது சாந்தி மேரிக்குத் தெரியும். பஸ் கண்டக்டருக்கும் தெரியும். ஞானப்பிரகாசத்துக்கு மட்டும் இது உறவுக்காரர் மூலம் தற்செயலாக வந்த வரன். பையனுக்கு அப்பா இல்லை. வளர்த்து ஆளாக்கியவர் பெரியப்பா அமல்தாஸ். அவர் தலையாட்டினால் உண்டு, ஆட்டாவிட்டால் இல்லை. இதற்கு முன் வந்த வரன்களை எல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு அனுப்பிய ஏஞ்சல், இந்தத் தடவை ஒரு வாரமாக வீட்டுத் திரைச்சீலையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: இது அமையவில்லையென்றால் வேறு யாரையும் கூட்டிவர வேண்டாம்.

"அதனாலதான் ஞாயித்துக்கெழம வரச் சொன்னேன்" என்றார் ஞானப்பிரகாசம், பெரிய ராஜதந்திரத்தை உடைத்துக் காட்டுகிறவர் போல. "மொதத் தடவ பொண்ணு பாக்க வரவங்க கை நனைக்க மாட்டாங்க. ஃபிளாஸ்க்ல காப்பி, பிஸ்கட்டு, வாழப்பழம். அடுப்பே தேவையில்ல."

அவர் சொன்னது ஊர் வழக்கந்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி குடிப்பார்கள், பலகாரம் தொடுவார்கள். சோற்றில் கை வைக்கமாட்டார்கள். சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். அதற்கு ஒரு மாதமாவது யோசிப்பார்கள், நாலு இடத்தில் விசாரிப்பார்கள்.

"பேசி முடிச்சிட்டு அன்னிக்கே கை நனைக்கிறோம்னா என்னா பண்ணுவீங்க?"

"எந்த ஊர்லடி அப்படி நடந்திருக்கு?" என்று அந்தப் பேச்சை முடித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் சண்டை நிறுத்தம் என்று அறிவித்தார்கள். தெரு முழுக்க நிம்மதி. கொளஞ்சியப்பன் சுவரோரம் வந்து, முடிந்துவிட்டதாமே, நாளைக்கு அடுப்பைப் பற்றவைத்துக் கொள்ளலாமா என்று கேட்டார். ஞானப்பிரகாசம் ஒருமாதிரி சிரித்தார். கமிட்டியின் லெட்டர்பேடு அன்றுதான் அச்சாகி வந்திருந்தது.

"டில்லிக்கு முடிஞ்சிருக்கலாம் கொளஞ்சியப்பன். நாம இன்னும் கூடி முடிவெடுக்கல. திங்கக்கெழமதான் கூட்டம். அதுவரைக்கும் நம்ம தெருவுல போர் நடந்துக்கிட்டுதான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து அவர் வேட்டி மாற்றுவதற்குள் ரெட்டிபாளையத்துக்காரர்கள் வந்த கார் வாசலில் நின்றது. அமல்தாஸ் இறங்கினார். சிமெண்ட் ஆலையில் வாழ்நாளெல்லாம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர். ரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். கூடவே லியோ பிரபு, அவன் அம்மா, இரண்டு அத்தைமார்.

பேச்சு எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. எல்லைப் படத்தில் குண்டூசி குத்தி ஞானப்பிரகாசம் சுவரில் மாட்டியிருந்ததை அமல்தாஸ் ஏதோ நிலப்பட்டா விவகாரம் என்று நினைத்துக் கண்டுகொள்ளாமல் விட்டார். விடியுமுன்பே போட்டு வைத்த காப்பியில் ஃபிளாஸ்க் மூடியின் வாசம் இருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டு பாதி குடித்தார். ஏஞ்சல் வந்து வணக்கம் சொன்னாள். லியோ பிரபு, அவளை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறவன் போல நடித்தான். நடிப்பு அவனுக்கு வரவில்லை. அமல்தாஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முட்டாள் இல்லை. தொடையைத் தட்டினார்.

"எங்களுக்குப் புடிச்சிருக்கு சார். பையன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. இதுக்கு மேல விசாரிச்சு என்னா ஆவப்போவுது? கை நனைச்சிட்டே கெளம்புறோம்."

அடுப்பங்கரை வாசலில் நின்ற சாந்தி மேரி புருஷனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எந்த ஊரில் அப்படி நடந்திருக்கிறது என்பதற்கான பதில் இருந்தது.

ஞானப்பிரகாசம் சமாளித்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நல்ல ஓட்டல் இருக்கிறது, ஏசி இருக்கிறது, எல்லோரும் போகலாம் என்றார். அமல்தாஸ் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார்.

"ஓட்டல் சோத்துல கை நனச்சா ஓட்டல்காரன்ல சம்பந்தியாவான். உங்க வூட்டு அடுப்புல வெந்த சோறு சார். கொழம்பு கூட வேணாம். ஒரு ரசம் போதும்."

கூடமாட ஒத்தாசை செய்யலாமென்று லியோ பிரபுவின் அம்மா அடுப்பங்கரைக்குள் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து அமல்தாஸ் காதில் ஏதோ சொன்னார். அமல்தாஸின் சிரிப்பு இறங்கியது. குரலைத் தணித்துக்கொண்டு, அதாவது பக்கத்துத் தெருவுக்குக் கேட்காத அளவுக்கு, கேட்டார்:

"ஏன் சார், அடுப்பே பத்த வெக்கலையாமே. வூட்ல ஏதும் துக்கமா?"

சாவு விழுந்த வீட்டில்தான் அடுப்பு எரியாது. ஞாயிற்றுக்கிழமை, அதுவும் பூசை கண்டு வந்த வீட்டில், கறி வாசம்தான் இல்லை, ஒரு உலைத் தண்ணீர்கூட இல்லையென்றால் வேறு எதை நினைப்பார்? ஞானப்பிரகாசம் எழுந்து நின்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். தேசம், தியாகம், எரிவாயு, பின்கட்டில் நின்று போராடும் குடிமக்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. இரண்டு அத்தைமாரும் பைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

"சண்டதான் நேத்தே நின்னுடுச்சே" என்றார் அமல்தாஸ்.

"கமிட்டி இன்னும் கூடலைங்க."

அமல்தாஸ் காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்தார்.

"புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லிடலாம் சார். ஒண்ணும் தப்பில்ல. நாட்டு மேல பழியப் போடாதீங்க."

சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்து செருப்பைக் காலால் துழாவினார். லியோ பிரபு எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஞானப்பிரகாசம் அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தார். அடுப்பைப் பற்றவைத்தால் தெருவே கேட்கும். அடுத்தவர் பெயரை மைக்கில் படித்தவர் அவர்! பற்றவைக்காவிட்டால்? திரும்பிப் பார்த்தார். ஏஞ்சல் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. வகுப்பில் சேட்டைக்காரப் பையனை டீச்சர் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"இப்ப என்னாப்பா, உங்க பேர மைக்ல படிக்கணும், அவ்ளோதான? நானே படிச்சிடறேன்."

சாந்தி மேரி உள்ளே போனார். கத்தரிக்கோலை எடுத்து வந்து புருஷன் கையில் வைத்தார்.

முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ திறப்பு விழாக்களில் ஞானப்பிரகாசம் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ரிப்பனை வெட்டியவர்கள் எல்லாம் வேறு யாரோ. அவர் வாழ்க்கையில் வெட்டிய முதல் ரிப்பன் அவர் வீட்டு அடுப்பில் இருந்தது. கைதட்ட யாருமில்லை. ஏஞ்சல் வாசலுக்கு ஓடி, பெரியப்பா, பத்து நிமிஷம், சோறு ஆயிடும், உக்காருங்க என்று அவரைக் கெஞ்சி நிறுத்தினாள். 'பெரியப்பா' என்ற அந்த வார்த்தைக்கு அமல்தாஸ் ஒரு செருப்பைக் கழற்றினார். இன்னொன்று காலிலேயே இருந்தது.

"விசில் வராம வடிக்க முடியாதா?" என்று ஞானப்பிரகாசம் மனைவியின் காதோடு கேட்டார்.

"வடிக்கலாம். அதுக்குள்ள அவங்க ரெட்டிபாளையம் போய்ச் சேந்துருவாங்க" என்று குக்கரை ஏற்றினார் சாந்தி மேரி.

குக்கருக்குள் சத்தம் கூடியது. ஞானப்பிரகாசம் கூடத்துக்கு வந்து, வரப்போகும் விசிலை அமுக்கிவிடும் நோக்கத்துடன் பலமாக இரும ஆரம்பித்தார். லியோ பிரபு தண்ணீர் எடுத்து நீட்டினான். இருமலுக்கு நடுவே, அதைத் துளியும் மதிக்காமல், விசில் வந்தது. கீச்சென்று, நீளமாக, தெருக்கோடிவரை போய்த் திரும்பிவந்தது.

தெரு அமைதியானது. ஞானப்பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது எதிர்வீட்டில் வீரம்மாளின் குக்கர் தொண்டை கட்டிய குரலில் ஒரு விசில் அடித்தது. அது முடிவதற்குள் கொளஞ்சியப்பன் வீட்டிலிருந்து ஒன்று. பிறகு கோடி வீட்டிலிருந்து, மாடி வீட்டிலிருந்து, வேல்முருகன் கடைக்குப் பின்னாலிருந்து. தெருவே ரயில் ஜங்ஷன் ஆனது. விசிலுக்குப் பின்னாலேயே, இஞ்சியும் பூண்டும் சின்ன வெங்காயமும் வதங்கிய ஆட்டுக்கறி வாசம் கும்மென்று ஜன்னல் வழியே உள்ளே வந்து உட்கார்ந்தது.

செருப்பும் காலுமாக நின்ற அமல்தாஸ் மூக்கை உயர்த்தினார். "யாரு துக்கம்னு சொன்னது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு அடுத்த செருப்பையும் கழற்றினார்.

பின்கட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு கொளஞ்சியப்பன் வந்தார். கையில் மூடிபோட்ட பெரிய பாத்திரம். திறந்தால் கறிக்குழம்பு, எண்ணெய் மிதந்துகொண்டு, ஆவி பறக்க.

"பொண்ணு பாக்க வந்திருக்காங்கன்னு கேள்விப்பட்டேன் சார். வெறும் ரசமாவா போடுவீங்க?"

ஞானப்பிரகாசம் பாத்திரத்தைப் பார்த்தார். அந்த நிலையிலும் உள்ளே இருந்த தலைமையாசிரியர் விழித்துக்கொண்டார். இப்போதுதான் விசில் கேட்டது, அதற்குள் கறி எப்படி வெந்தது என்று விசாரித்தார்.

"விசில் சோத்துக்கு சார். கறி நீங்க பூசைக்குப் போனப்பவே வெந்துடுச்சு, இப்பத்தான் மூடியத் தொறந்தோம். கரண்ட் அடுப்புல, வெறும் சட்டில. வீரம்மா வூடு, மாடி வூடு, எல்லா வூட்லயும் அதான். நான்தான் ஒயரிங் பாத்துக் குடுத்தேன்."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள் எம் பேர மைக்ல படிச்சீங்கள்ல, அன்னிக்கு ராத்திரிலேர்ந்து. நீங்க கேஸத்தான மிச்சம் புடிக்கச் சொன்னீங்க, கரண்டச் சொல்லலியே. வெள்ளிக்கெழம கூட கோழிதான்."

"அப்ப இன்னிக்கு மட்டும் எதுக்கு எல்லாரும் குக்கரு?"

"என்னா சார் இப்படிக் கேக்குறீங்க. பத்து நிமிஷத்துல சோறுன்னு ஏஞ்சல் வாசல்ல சொன்னப்பவே ஏத்திட்டோம். தலைவரு நீங்க ஆரம்பிச்சப்புறம் நாங்க சும்மா இருந்தா மரியாதையா இருக்குமா?"

அவர் குரலில் கேலி இருக்கிறதா என்று ஞானப்பிரகாசம் தேடிப் பார்த்தார். லைன்மேன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அதற்குள் வீரம்மாள் முன்வாசல் வழியாகவே கத்தரிக்காய் வறுவலும் அவித்த முட்டையுமாக நுழைந்து, வந்தவர்களிடம் வாங்கண்ணே, வாங்கக்கா என்று சொல்லிக்கொண்டே இலை போட ஆரம்பித்திருந்தார். யார் வீட்டுப் பந்தி என்று தெரியாத அளவுக்கு அவர் குரல் ஓங்கியிருந்தது.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். சாந்தி மேரி சோறு போட்டார். டப்பாவில் மிச்சமிருந்த அரிசி. ஒரு பருக்கைகூட மீதியில்லாமல் அத்தனையும் குக்கருக்குள் போயிருந்தது. ஏஞ்சல் ரசம் ஊற்றினாள். லியோ பிரபுவின் இலைக்கு வந்தபோது ரசம் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அமல்தாஸ் சிலுவை போட்டுக்கொண்டார். கையை இலைக்கு மேலே கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தினார்.

"நீங்க உக்காரல?"

ஞானப்பிரகாசம் நின்றுகொண்டே, இந்த விருந்தை ஏற்பாடு செய்ததில் கமிட்டியின் பங்கு என்ன என்பதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாமென்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி" என்றார் அமல்தாஸ். அந்த வீட்டில் அந்த வார்த்தை ஒலித்தது அதுதான் முதல் தடவை. சாந்தி மேரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "பேச்சு அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல நீங்க கை வைங்க. அப்பறந்தான் நாங்க."

ஞானப்பிரகாசம் உட்கார்ந்தார். அவர் இலையில் கொளஞ்சியப்பன் வீட்டுச் சட்டவிரோதக் கறி நாலு துண்டு, நல்லியோடு கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே கோடி வீட்டுக்காரர், மாடி வீட்டுக்காரர், வேல்முருகன் எல்லோரும் வேடிக்கை பார்ப்பது தெரிந்தது. மகளைப் பார்த்தார். அவள் ரசப் பாத்திரத்தைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றையும் குழம்பையும் சேர்த்துப் பிசைந்து வாயில் வைத்தார்.

அதன்பிறகு அமல்தாஸின் கை நனைந்தது. சாதாரணமாக நனையவில்லை, முழங்கைவரை இறங்கியது. இரண்டாவது தடவை சோறு வாங்கி, மூன்றாவது தடவை வாங்கும்போது சோறு தீர்ந்துபோய் வீரம்மாள் தன் குக்கரையே தூக்கிவந்து கவிழ்த்தார். கடைசியில் விரலை நக்கிக்கொண்டே அமல்தாஸ் ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்க அறிவித்தார்:

"கல்யாணச் சாப்பாட்ட இந்தத் தெருக்காரங்ககிட்டயே விட்டுடுங்க சம்பந்தி. நீங்க மட்டும் அதுல தலையிடாதீங்க."

ஞானப்பிரகாசம் சரியென்று தலையை ஆட்டினார். வாயில் நல்லி எலும்பு இருந்தது. இல்லாவிட்டால் அங்கேயே ஒரு கமிட்டி போட்டிருப்பார்.